மோன்ஸில் இறங்கியது தேவதூதர்கள் அல்ல, ஒரு சிறுகதை

“1914-இல் பெல்ஜியத்தின் மோன்ஸ் போர்க்களத்தில் தேவதூதர்கள் இறங்கி வந்து பிரிட்டிஷ் படையைக் காப்பாற்றினார்கள், சிப்பாய்களே சாட்சி” என்றொரு செய்தி சுற்றுகிறது. ஆகஸ்ட் 23 அன்று அங்கே சண்டை நடந்தது, சரி. மற்றது கதை.

எழுதியவர் ஆர்தர் மேக்கன். வேல்ஸின் கார்லியனில் 1863-இல் பிறந்தவர், அமானுஷ்யக் கதைகளில் கைதேர்ந்தவர். செப்டம்பர் 29 அன்று லண்டனின் ‘ஈவினிங் நியூஸ்’ நாளிதழில் அவருடைய ‘வில்லாளிகள்’ வெளியானது. அதில் ஒரு சிப்பாய்க்கு, எப்போதோ சாப்பிட்ட சைவ உணவகத்தின் தட்டு ஞாபகம் வருகிறது. அதில் நீல நிறத்தில் இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜ், கூடவே ஒரு லத்தீன் வேண்டுதல். அதை முணுமுணுத்ததும் அஜின்கோர்ட் (1415-இல் ஆங்கிலேய வில்லாளிகள் பிரெஞ்சுப் படையை வென்ற போர்) காலத்து வில்லாளிகள் நிழலாக எழுந்து அம்பு மழை பொழிகிறார்கள். செத்துக் கிடந்த ஜெர்மானியர் உடலில் காயமே இல்லை. கவனியுங்கள், தேவதூதர் ஒருவர்கூட வரவில்லை!

‘சிறுகதை’ என்ற குறிப்பில்லாமல் அச்சானதுதான் வினை. ஆதாரம் கேட்ட ஒரு பாதிரியாரிடம் மேக்கன் “முழுக்கக் கற்பனை” என்றார். அவரோ, “சம்பவம் நிஜம், நீங்கள் மெருகேற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்” என்ற தொனியில் பதில் எழுதினாராம். 1915-இல் கதை புத்தகமாக வந்தபோது நீண்ட முன்னுரையிலும் மேக்கன் மறுத்தார். அதற்குள் வில்லாளிகள் தேவதூதர்களாகிவிட்டிருந்தார்கள்.