தராசுப் பக்கம் யாரும் வரவில்லை

பல தேயிலைப் பாக்கெட்டுகளில் இப்போதெல்லாம் ஏதாவது ஒரு சான்றிதழ் முத்திரை இருக்கிறது. தொழிலாளர்களை முறையாக நடத்தும் தோட்டத்தில் பறித்த இலை என்று அர்த்தம். இந்தச் சான்றிதழ்களின் விதிகளை எடுத்துப் படித்தால், ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகள் அங்கங்கே வரும். விதிகள் நல்லவைதான். அவை நீலகிரியில் எங்கள் பந்தலூர் மலைக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பதில்தான் எனக்குக் கோபம்.

சான்றிதழுக்காகத் தோட்டத்தைச் சோதிக்கும் ஆடிட் வருகிறது என்றால் ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும். மருந்தடிக்கிறவர்களுக்குப் புதுக் கையுறை, முகக்கவசம், பூட்ஸ். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குச் சுண்ணாம்பு. முதலுதவிப் பெட்டிக்குள் திடீரென்று மருந்து. தமிழிலும் ஆங்கிலத்திலும் உரிமைப் பலகைகள். பறிப்பில் பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள், அவர்களுக்கு இரண்டுமே படிக்கத் தெரியாது. என் சித்தி பறிக்கும் எஸ்டேட்டில் மேஸ்திரி எல்லாரையும் கூப்பிட்டு, "யாரு கேட்டாலும் எல்லாம் கெடைக்குதுன்னு சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், பலகையைப் படம் எடுத்தார்கள். தராசுப் பக்கம் யாரும் வரவில்லை.

பிரச்சினையே தராசில்தான் இருக்கிறது. ஆனி, ஆடியில் தேவாலா பக்கம் எப்படி மழை பெய்யும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அட்டை கடிக்க, பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டிக்கொண்டு பறித்த கொழுந்தைச் சாக்கில் சுமந்து ரோட்டோரம் வருவார்கள். சாக்கு எடை என்று கொஞ்சம், ஈரம் என்று கொஞ்சம் கழியும். எவ்வளவு என்பது எழுதுகிறவர் வாய்க்கு வந்ததுதான். ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய கணக்குக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு உண்டு, கழிகிற கிலோ எல்லாம் அந்தக் காசு. சித்தியிடம், ஏன் ஆடிட்காரரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு சாயங்காலம் காரேறிப் போயிருவாரு. நான் நாளைக்குக் காலையில இதே தராசுக்குத்தானே வரணும்?" என்றார்.

பேசினால் வேலை போகாது என்ற தைரியம் இல்லாத இடத்தில் கையுறையால் என்ன ஆகும்? அந்தத் தைரியத்தைத் தருவது சங்கமும், தொழிலாளர்கள் ஒன்றாக நின்று நிர்வாகத்திடம் பேசும் கூட்டுப்பேரமும்தான். ஜெனீவா அமைப்பு 1948-இல் கொண்டுவந்த 87-ஆம் உடன்படிக்கை சங்கம் சேரும் சுதந்திரத்துக்கு, 1949-இல் வந்த 98-ஆம் உடன்படிக்கை கூட்டுப்பேரத்துக்கு. இரண்டையும் இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. 1919-இல் அந்த அமைப்பு தொடங்கும்போதே உறுப்பினராக இருந்த நாடு நாம். விவசாயத் தொழிலாளரின் சங்க உரிமை பற்றிய 11-ஆம் உடன்படிக்கையை 1923-லேயே, வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, ஏற்ற நாடு. அரசு ஊழியர்களுக்கு விதிமுறைக் கட்டுப்பாடுகள் இருப்பதால் முடியாது என்பது டெல்லி வருடக்கணக்காகச் சொல்லும் காரணம். அரசு ஊழியரின் நடத்தை விதிக்கும் மழையில் கொழுந்து பறிப்பவளுக்கும் என்ன சம்பந்தம்?

தோட்டங்களுக்கென்றே 1958-இல் 110-ஆம் உடன்படிக்கை வந்தது. வீடு, மருத்துவம், பிரசவ விடுப்பு, சங்கம், அரசு ஆய்வாளர் எல்லாம் அதில் உண்டு. அதையும் இந்தியா ஏற்கவில்லை. நமக்கு 1951-ஆம் வருட தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தது. குறைகள் இருந்தாலும் லைன் வீடும் ஆஸ்பத்திரியும் அதைக் காட்டித்தான் கேட்டு வாங்கினோம். இப்போது அதைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள், 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

அந்தத் தொகுப்புகளில் என்னை அதிகம் பயமுறுத்துவது 51 சதவீதக் கணக்கு. ஒன்றுக்கு மேல் சங்கம் இருக்கும் இடத்தில், பெயர்ப் பட்டியலில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கம்தான் தனியாகப் பேரம் பேசலாம். எங்கள் தோட்டங்களில் நிரந்தரத் தொழிலாளர்கள் வருஷா வருஷம் ஓய்வு பெறுகிறார்கள், அந்த இடத்துக்கு டெம்பரவரி ஆட்கள்தான் வருகிறார்கள். அவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. அப்புறம் 51 எங்கிருந்து வரும்?

இதில் நம் சங்கங்களையும் சொல்லத்தான் வேண்டும். ஜார்க்கண்ட் பிள்ளைகளை "வந்தவங்க" என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். சிலோனிலிருந்து வந்து இறங்கியபோது இதே கூடலூரில் நம் தாத்தா பாட்டிகளையும் அப்படித்தான் பார்த்தார்கள். தராசில் அவர்களுக்குக் கழியும் கிலோவும் நமக்குக் கழியும் கிலோவும் ஒன்றுதான். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு முன்னால் அவர்களுக்கு உறுப்பினர் அட்டை போடுங்கள், இந்தி தெரிந்த ஒருவரை லைனுக்கு அனுப்புங்கள். கோரிக்கைப் பட்டியலில் எடைக் கழிவை முதலில் எழுதுங்கள்: சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் வேண்டும், நிறுக்கும்போது பறித்தவர் கண்ணுக்கு முள் தெரிய வேண்டும்.