மரம் இருக்கட்டும், மோட்டாரை மாற்றுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகன் லண்டனிலிருந்து வீடியோ கால் போட்டான். தேம்ஸ் நதியில் படகில் போய்க்கொண்டிருந்தான். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் மரத்தில் கட்டிய உல்லாசப் படகு அது. பளபளவென்று வார்னிஷ் அடித்த பலகை, பித்தளைக் கைப்பிடி, சின்னச் சின்ன ஜன்னல். உள்ளே இருந்த டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு, பேட்டரியும் மின் மோட்டாரும் வைத்திருக்கிறார்கள். "மாமா, சத்தத்தைக் கேளுங்க" என்று சொல்லி போனைத் தரைப்பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பலகையைத் தண்ணீர் உரசும் சத்தம், எங்கேயோ ஒரு வாத்து. அவ்வளவுதான் கேட்டது.

அவன் அனுப்பிய பதிவை அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். அப்பா சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நாற்பது வருஷம் விசைப்படகு கட்டிய ஆசாரி. வயது எண்பத்தொன்று. எஞ்சின் பக்கத்திலேயே நின்று நின்று வலது காது மந்தம். போனை இடது காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். "இன்னொரு வாட்டி போடு" என்றார். மூன்று முறை கேட்டுவிட்டு, "அந்த எஞ்சின் வெயிட்டு போச்சே, அதுக்குப் பதிலா வெயிட்ட எங்கடா வெச்சாங்க?" என்றார்.

இந்த ஒரு கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. நான் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவன். எனக்கு முதலில் தோன்றியது எத்தனை கிலோவாட், எத்தனை வோல்ட் என்பதுதான். அப்பாவுக்கு முதலில் தோன்றியது படகு தண்ணீரில் எப்படி உட்காரும் என்பது. பழைய மரப்படகை மின்சாரத்துக்கு மாற்றுவது சரியா தப்பா என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கேட்கிறவர்கள் செய்தால் சரி என்பேன். மின்சாரக்காரன் மட்டும் செய்தால் படகு கெடும்.

டீக்கடையில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் கோபப்பட்டார். பழைய பொருளில் கை வைக்கக் கூடாது, எஞ்சினை எடுத்தால் அதன் பழமையே போய்விடும் என்பது அவர் கட்சி. அவர் மனசு எனக்குப் புரிகிறது. தேம்ஸில் இருந்த இந்த மாதிரிப் படகுகள் பல, 1940-இல், இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் படை சுற்றி வளைத்த பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரைக்குப் போனவை. மே 26 முதல் ஜூன் 4 வரை 3,38,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்களை அங்கிருந்து மீட்டார்கள். பெரிய கப்பல்கள் கரை ஒதுங்க முடியாத ஆழமில்லாத தண்ணீரில், ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாவுக்குக் கட்டிய மரப்படகுகள் போய் ஆட்களை ஏற்றி வந்தன. அப்படிப்பட்ட படகில் ஒரு ஆணியைப் பிடுங்கக்கூட கை நடுங்கத்தான் செய்யும்.

ஆனால் எந்த எஞ்சின் பழமை? எண்பது தொண்ணூறு வருஷம் ஓடும் படகில் முதல் நாள் வைத்த எஞ்சின் அபூர்வமாகத்தான் மிஞ்சியிருக்கும். முதலில் பெட்ரோல், அப்புறம் டீசல், அப்புறம் இன்னொரு டீசல் என்று மாறியிருக்கும். தேம்ஸுக்கு மின்சாரம் புதிதும் கிடையாது. 1838-இலேயே ரஷ்யாவில் நேவா நதியில் யாக்கோபி என்பவர் பேட்டரியில் படகு ஓட்டிக் காட்டினார். 1881-இல் பாரீஸில் சேன் நதியில் துரூவே ஓட்டினார். 1880-களின் கடைசியில் தேம்ஸில் மின்சாரப் படகுகள் பயணிகளோடு ஓடின, ஆற்றங்கரையில் சார்ஜ் போடும் இடங்கள்கூட இருந்தன. பெட்ரோல் எஞ்சின் வந்து அந்தக் காலத்தை முடித்துவிட்டது. ஜெர்மனியில் கோனிக்ஸே என்ற மலை ஏரியில் மட்டும் 1909 முதல் இன்றுவரை மின்சாரப் படகுதான், தண்ணீர் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக.

மரத்துக்கு எது நல்லது என்பதையும் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினின் அதிர்வு நாள் முழுக்க வங்குக்கால்களில், அதாவது படகின் விலா எலும்பு மாதிரியான மரங்களில், இறங்கிக்கொண்டே இருக்கும். ஆணி மெல்ல இளகும். பலகை மூட்டில் அடித்த பஞ்சு தளரும். எஞ்சினிலிருந்து சொட்டும் எண்ணெய் படகின் அடிவயிற்றில் தேங்கி மரத்தில் ஊறிப்போனால், பிறகு பெயின்ட்டும் பிடிக்காது, பட்டியும் பிடிக்காது. அப்பா பழைய படகைப் பழுது பார்க்கும்போது எஞ்சின் அறைப் பலகையை உளியால் சீவி மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பார். நான் சின்னப் பையனாக நின்று பார்த்திருக்கிறேன். சீவல் கறுப்பாக வரும், டீசல் வாடை அடிக்கும். இன்னும் ஆழமாகச் சீவுவார், வெள்ளை மரம் தெரியும் வரை. தெரியவில்லை என்றால் பலகையையே மாற்றவேண்டும். மின் மோட்டார் வைத்த படகில் இந்தத் தொல்லை இல்லை.

மாற்றுவது சுலபம் என்று சொல்லவில்லை. பேட்டரி கனம். 30 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கிட்டத்தட்ட 300 கிலோ வரும். பழைய டீசல் எஞ்சினும் டேங்கும் இருந்த அளவு கனம்தான், ஆனால் அதே இடத்தில், அதே உயரத்தில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலோ, அமரம் (பின்பக்கம்) தாழ்ந்து அணியம் (முன்பக்கம்) தூக்கினாலோ படகு கட்டினவன் நினைத்த படகு அது இல்லை. அப்பாவின் கேள்வி இதுதான். அடுத்தது கசிவு மின்சாரம். உப்புத் தண்ணீரில் கிடக்கும் படகில் ஒயரிங் சரியில்லை என்றால் ஆணியும் ஷாஃப்ட்டும் கண்ணுக்குத் தெரியாமல் கரையும், ஆணியைச் சுற்றியுள்ள மரமும் மெத்தென்று ஆகிவிடும். பேட்டரியின் எதிர்முனையைப் படகின் இரும்போடு சேர்த்துக் கட்டுகிற கார் மெக்கானிக் பழக்கம் இங்கே ஆகவே ஆகாது. எஞ்சின் உட்கார்ந்திருந்த அதே பீடத்தில், அதே போல்ட் துளையில் மோட்டாரை இறக்கவேண்டும். ஒரு வங்கைக்கூட அறுக்கக் கூடாது. கழற்றிய எஞ்சினுக்கு எண்ணெய் பூசி மூடி வைக்கவேண்டும், நாளைக்கு யாராவது திரும்ப வைக்க நினைத்தால் வைக்கும்படி.

ஆற்றுப் படகுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். தேம்ஸின் மேல்பகுதியில் வேக வரம்பே மணிக்கு 8 கிலோமீட்டர்தான். அதைவிடச் சற்று மெதுவாக, பத்து மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய மரப்படகு ஒன்று அமைதியான தண்ணீரில் போவதற்கு இரண்டு மூன்று கிலோவாட் போதும். நம் வீட்டு போர்வெல் மோட்டார் அளவு. வேகத்தை இரட்டிப்பாக்கினால் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு கேட்கும். அதனால்தான் அவசரப்படாத தண்ணீருக்கு மின்சாரம் பொருந்துகிறது. காசிமேட்டிலிருந்து நாள்கணக்கில் ஆழ்கடல் போகும் விசைப்படகிடம் இந்தப் பேச்சை எடுக்க முடியாது. அங்கே வலை இழுக்கும் எஞ்சினுக்குப் பேட்டரி இன்றைக்கு ஈடு கொடுக்காது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, அவசரப்படாத தண்ணீர் நம்மிடம் இல்லையா? 1806-இல் கொக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய்தான் பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழை ஜனங்கள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அந்தப் பஞ்சக் கூலிகளின் உழைப்பில் விறகும் உப்பும் நெல்லும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் படகில் வந்தன. மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்று இன்றும் சொல்கிறோமே, அங்கே படகுத் துறை இருந்தது. அந்தப் படகுகளில் எஞ்சினே கிடையாது. பாய், கழி, கரையில் நடந்து கயிறு இழுக்கும் ஆட்கள், இதுதான் சக்தி. அப்படி ஒரு படகு இன்றைக்கு நம் கையில் கிடைத்தால், எந்த எஞ்சினை வைத்து அதன் பழமையைக் காப்பாற்றப் போகிறோம்?

நகரத்துக்குள் அந்தக் கால்வாய் இன்று பறக்கும் ரயில் தூண்களுக்கு நடுவே சாக்கடையாகக் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆனால் முட்டுக்காட்டுக்குத் தெற்கே மாமல்லபுரம் பக்கம் போகும் கால்வாயில் இன்னும் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. பழவேற்காட்டு ஏரி இருக்கிறது. கொஞ்ச வருஷம் முன்பு ஒரு படகுத்துறையில் குடும்பத்தோடு ஏறினேன். கிளம்பிய நிமிஷமே புகை முகத்தில் அடித்தது, என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள், கரையில் நின்ற கொக்குக் கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்துவிட்டது. பறவையைக் காட்டத்தான் அவளைக் கூட்டிப் போனேன்.

கேரளத்தில் 2017-இல் வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 75 பேர் உட்காரும் சூரிய மின்சாரப் படகை விட்டுவிட்டார்கள். பெரியார் போராடப் போன அதே வைக்கம். 2023-இல் கொச்சியில் வாட்டர் மெட்ரோ என்ற மின்சாரப் படகுச் சேவையே வந்துவிட்டது. அவை புதிதாகக் கட்டிய படகுகள். மரப்படகைக் காப்பாற்றி அதில் மோட்டார் வைக்கும் வேலைக்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பஞ்சைத் திரித்து மூட்டில் அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிக் கலப்பத்து பார்க்கத் தெரிந்த கைகள் காசிமேட்டில் இன்னும் சில உண்டு. ஃபைபரும் இரும்பும் வந்தபிறகு அவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. அவர்கள் பிள்ளைகள், என்னைப் போல, வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

நேற்று ராத்திரி அப்பா பரணிலிருந்து கலப்பத்து உளியையும் மரச் சுத்தியலையும் எடுக்கச் சொன்னார். உளி துருவேறியிருந்தது. அவரே உப்புக் காகிதம் வைத்துத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பேட்டரிய நடுவுல வை, ஏராவுக்கு மேல. பாதியா பிரிச்சி ரெண்டு பக்கமும் சமமா வை. மிச்சம் நான் பாத்துக்கிறேன்" என்றார். ஏரா என்பது படகின் முதுகெலும்பு மாதிரியான அடிமரம்.

பழவேற்காட்டிலோ எண்ணூரிலோ கோவளத்திலோ, பழைய மரப்படகு ஒன்றைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உடைத்து விறகுக்குப் போடும் முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். பலகை காய்ந்து இடைவெளி விட்டிருந்தாலும் பரவாயில்லை, தண்ணீரில் போட்டால் ஊதிச் சேரும். பணம் எவ்வளவு ஆகும் என்று பிறகு உட்கார்ந்து பேசலாம். முதலில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து பலகையைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.