ஆமாம், உடுத்திக்கொண்டுதான் போனேன்

அருங்காட்சியகத்துக்கு அலங்கரித்துக்கொண்டு வரும் பெண்களைக் கேலி செய்து, சிலைகளைப் பற்றி எழுதும் ஒருவர் ஒரு பதிவு போட்டிருக்கிறார். நேற்றிலிருந்து அதன் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பி "இது நீங்கதானே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆமாம், நான்தான். எழும்பூர் அருங்காட்சியகம், வெண்கலச் சிலைகள் கூடம், அரக்குச் சிவப்பில் கண்டாங்கி, கழுத்தை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளி அட்டிகை. முகத்தின் மேல் மட்டும் ஒரு மஞ்சள் வட்டத்தை ஒட்டிவிட்டு "யாரையும் தனிப்பட்டுச் சொல்லவில்லை" என்று பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார். என்னைத் தெரிந்த யாருக்கும் அந்தப் புடவையும் அட்டிகையும் போதும், முகம் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும்.

"சிலையைப் பார்க்க வந்தார்களா, சிலையாக நிற்க வந்தார்களா?" நல்ல வரி. கைதட்டலுக்கென்றே செய்த வரி, கைதட்டலும் கிடைத்துவிட்டது. கீழே வந்து விழுந்த "மேக்கப் போட்டுக்கிட்டு மியூசியமா", "நடராஜரே பயந்திருப்பார்" வகையறாக்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவை எப்போதும் வருபவை. எழுதியவர் அந்த வகை இல்லை என்பதுதான் என் சிக்கல். எந்தச் சிலை எந்த ஊரில் மண்ணுக்கடியில் கிடைத்தது என்று தேடிப் பார்க்கும் பழக்கமே எனக்கு அவர் பதிவுகளைப் படித்து வந்ததுதான். பெயரைச் சொல்லமாட்டேன். ஐயா என்றுதான் இதுவரை கூப்பிட்டிருக்கிறேன், இனியும் அப்படியே கூப்பிடுவேன்.

ஐயா, ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நான் நின்ற இடத்துக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது யார் என்று உங்கள் பதிவில் ஒரு வார்த்தைகூட இல்லையே, ஏன்? திருவெண்காட்டு அர்த்தநாரி. பதினோராம் நூற்றாண்டு. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. இதையெல்லாம் நீங்களே சொல்லிக் கொடுத்தீர்கள். ஆடையைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. அதை நானாகப் பார்த்தேன். வலப்பக்கம் ஆணுக்குத் துணி தொடையோடு நின்றுவிடுகிறது. இடப்பக்கம் பெண்ணுக்குக் கணுக்கால் வரை இறங்குகிறது. ஒரே இடுப்பில் இரண்டு உடை. எது அப்பன், எது அம்மை என்று உடம்பு சொல்வதில் பாதியைத் துணி சொல்லிவிடுகிறது. அந்த ஸ்தபதி வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் மெழுகில் உருவத்தைப் பிடித்து முடித்ததும் "துணிதானே, ஏதோ ஒன்று போதும்" என்று விட்டுவிடவில்லை. காலோடு ஒட்டிக் கிடக்கும் அந்தத் துணியில் கோடு ஓடுகிறது, மடிப்பு விழுகிறது.

அந்த மடிப்பைப் பார்த்த கண்தான் காலையில் பீரோவைத் திறந்து எந்தப் புடவை என்று பார்த்ததும். இரண்டும் ஒரே கண். இதை ஏன் இரண்டாகப் பிரித்து ஒன்றை ரசனை என்றும் இன்னொன்றைப் பகட்டு என்றும் சொல்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகனரைப் பற்றி நீங்கள் எத்தனை முறை உருகி எழுதியிருக்கிறீர்கள்! காளை இல்லாமல் போய்விட்டது, ஆனால் அதன்மேல் சாய்ந்த கை அப்படியே நிற்கிறது என்று. உண்மை. ஆனால் அந்தச் சிலைக்கு முன்னால் நிற்பவர் கண் முதலில் போவது எங்கே? தலைக்குத்தான். சடையையே தலைப்பாகை மாதிரி சுற்றிச் சுற்றிக் கட்டி, அதில் பாம்பையும் சேர்த்து முடிந்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அலங்காரம், இன்றைக்கும் எந்த மேடையிலும் நிற்கும். சிவபெருமான் செய்துகொண்டால் கலை, நான் செய்துகொண்டால் ரேம்ப் வாக்.

எங்கள் அத்தை கும்பகோணத்துக்காரி. சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் வாசலிலேயே ஆரம்பிப்பாள். "இன்னிக்கு அம்பாளுக்கு மாம்பழக் கலர்டி, அரக்கு பார்டர். அடக்கமா ஒரே ஒரு பதக்கம். கண்ணு பட்டுடும் போ." என்ன வேண்டிக்கொண்டாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை, புடவையைத்தான் சொல்வாள். அவளும் சும்மா போகமாட்டாள். நல்ல புடவை, தலை நிறையப் பூ, வைரத் தோடு. அத்தைக்கு பக்தி இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர்கள் வீட்டுச் சம்பந்தம் முறிந்திருக்கும். கோயிலுக்குப் பட்டுடுத்திக்கொண்டு போவது மரியாதை. அதே சாமி அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டால் அங்கே பட்டுடுத்திக்கொண்டு போவது மரியாதைக் குறைவா? கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய பிறகு நமக்குத் தெரிவது முகம் மட்டும்தான். சிற்பி செய்த துணியை, செய்த ஒட்டியாணத்தை முழுசாகக் காட்டுவது அருங்காட்சியகம்தான். உடை ரசிக்கத் தெரிந்தவள் அங்கே போகாமல் வேறு எங்கே போவாள்?

அடுத்தது என்ன வரும் என்று தெரியும். "படம் போடத்தானே இத்தனை அலங்காரமும்." இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இதுதான் வலித்தது.

அகமதாபாத்தில் காலிகோ துணி அருங்காட்சியகம் இருக்கிறது. 1949இல் சாராபாய் குடும்பம் ஆரம்பித்தது. முன்கூட்டியே பதிவு செய்து அவர்கள் சொல்லும் நாளில், சொல்லும் நேரத்தில் போய் நிற்கவேண்டும். படம் எடுக்கக் கூடாது. ஒரு படம்கூட. கூட்டிப் போகிறவர் பின்னாலேயே நடக்கவேண்டும், ஆசைப்பட்ட இடத்தில் நின்றுவிட முடியாது. பழைய துணிக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் அறைகளில் அரையிருட்டு. அங்கேயும் நான் உடுத்திக்கொண்டுதான் போனேன். செட்டிநாட்டுப் பருத்தி, கடுகு மஞ்சளில் கட்டம் போட்டது. யார் பார்க்க? யார் லைக் போட?

குஜராத்தில் பாடன் ஊரில் நெய்யும் பட்டோலாப் பட்டுப்புடவை ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் நெய்வதற்கு முன்பே முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயம் தோய்த்துவிடுவார்கள். தறியில் இரண்டும் சந்திக்கும்போது நிறம் நிறத்தோடு சரியாக வந்து பொருந்தவேண்டும். ஒரு புடவைக்கு மாதக்கணக்கில் ஆகும். முன்பக்கம், பின்பக்கம் வித்தியாசம் கிடையாது. கூட வந்த குஜராத்தி அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக என் முந்தானை ஓரத்தை எடுத்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருப்பதைத்தான் தொட முடியாதே. எந்த ஊர் என்றார். காரைக்குடிப் பக்கம் என்றேன். அவருக்குக் காரைக்குடி தெரியாது, எனக்கு குஜராத்தி தெரியாது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, நூல் எத்தனை கனம், துவைத்தால் சாயம் போகுமா, கஞ்சி போடுவீர்களா என்று அரைகுறை இந்தியில் பேசித் தீர்த்தோம். நான் கசங்கின சுடிதாரில் போயிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது. அதற்குப் படம் இல்லை. அதனால் உங்கள் கணக்கில் அது நடக்கவே இல்லை.

"இதெல்லாம் மேற்கத்திய மோகம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு ஒரு சின்ன வரலாறு. நம் சோழமண்டலக் கரையில் சாயவேரில் சிவப்பேற்றி, கையால் பூ வரைந்து அனுப்பிய துணியின்மேல் ஐரோப்பா பித்துப்பிடித்துக் கிடந்தது. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்துப்போய், 1686இல் பிரான்ஸ் அதற்குத் தடையே போட்டது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. இங்கிலாந்தும் 1721இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அப்படியும் பெண்கள் உடுத்துவதை விடவில்லை. அன்று தடுத்த அதே துணியைத்தான் இன்று லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குப் போனபோது ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கேயும் இந்தோனேசியச் சந்தைக்கென்றே நம் கரையில் செய்த துணிகள் தொங்குகின்றன. இன்றைக்கு அருங்காட்சியகத்தில் தொங்குவது அன்றைக்கு யாரோ ஆசைப்பட்டு உடுத்திக்கொண்டு ஊரார் வாயில் விழுந்த துணிதான். இதில் மேற்கு எங்கே வந்தது?

மேற்கையே எடுத்துக்கொண்டாலும் அங்கே இந்தச் சண்டை முடிந்து நாளாகிவிட்டது. 2011இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், அலெக்சாண்டர் மெக்வீன் என்ற ஆடை வடிவமைப்பாளரின் உடைகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். 6 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், கடைசி வார இறுதியில் நள்ளிரவு வரை திறந்துவைக்க வேண்டியதாயிற்று. சரி, அதை விடுங்கள், அது அவர்கள் ஊர்.

"மற்றவர்களை மறைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள்" என்பது இன்னொரு புகார். நான் மறைக்கவில்லை. அவ்வளவுதான்.

"எல்லாருக்கும் நல்ல புடவை வாங்க வசதி இருக்கிறதா, இது மேட்டுக்குடி விளையாட்டு" என்றும் ஒரு கமெண்ட். பொங்கல் விடுமுறையில் எழும்பூருக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பேசட்டும். எங்கள் பாட்டி காலத்தில் மெட்ராஸில் அதற்கு செத்த காலேஜ் என்று பேர். செத்த காலேஜுக்குக் குடும்பம் குடும்பமாகச் சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். இன்றும் வருகிறார்கள். புதுச்சட்டையில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த தடம்கூடப் போகாத பையன்கள், பட்டுப்பாவாடைக் குழந்தைகள், கனகாம்பரம் வைத்த அம்மாக்கள், திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று குடும்பத்தோடு செல்ஃபி. என்னைவிட ஜிகினா ஜாஸ்தி. ஊரிலிருந்து வந்த மாமியாரை அந்த எலும்பை அண்ணாந்து பார்க்கச் சொல்லி ஒரு மருமகள் நிறுத்திவைத்திருந்தாள், முந்தானையை வேறு சரி செய்துவிட்டாள். நல்லதை உடுத்திக்கொண்டுதான் நம் ஜனங்கள் நல்ல இடத்துக்குப் போவார்கள். கசங்கின ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாகப் போனால்தான் அறிவாளி என்பதுதான் மேட்டுக்குடிப் பழக்கம். ஜிப்பாவும் ஓர் அலங்காரம்தான் ஐயா. கதர், அதுவும் அந்தக் காவி நிறம், தற்செயலாக உடம்பில் வந்து ஏறிவிடுவதில்லை. உங்கள் படங்களில் உங்களுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஆண்கள் யாரையும் இப்படி வட்டம் போட்டுக் காட்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு பாக்கெட் வைத்த கேமராச் சட்டையோடு, நடராஜருக்கும் எங்களுக்கும் நடுவில் ஸ்டாண்டை விரித்துவைத்துக்கொண்டு நின்றவரைப் பற்றி ஒரு பதிவும் வரவில்லை. அவர் ஆய்வாளர். நான் அலங்காரி. அவர் எந்தச் சிலையைப் பார்த்தார் என்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. எனக்கு மட்டும் புடவை கட்டிய குற்றத்துக்கு நூற்றாண்டு, ஊர், அரசன் பெயர் எல்லாம் ஒப்பித்துக் காட்டவேண்டியிருக்கிறது. இந்தப் பதிவில் நான் செய்துகொண்டிருப்பதும் அதுதான் என்பது எழுதும்போதே தெரிகிறது. எரிச்சலாக இருக்கிறது. ஒன்றுமே தெரியாதவளாக இருந்திருந்தால்தான் என்ன? நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒரு பேரும் தெரியாமல், "எவ்வளவு அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தால் அது குற்றமா?

கடைசியாக, அந்தப் பதிவுக்கு லைக் போட்ட என் நண்பர்களுக்கு. எத்தனை பேர் என்று எண்ணவில்லை. ஒருத்தியை மட்டும் கவனித்தேன்.

அவளும் நானும் மைசூர் போயிருந்தோம். ஜகன்மோகன் அரண்மனையில் ரவிவர்மாவின் அந்தப் பெரிய ஓவியம் இருக்கிறதே, 11 பெண்கள், வாத்தியக்காரிகள், ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு உடை. வீணையோடு நாயர் பெண், நவ்வாரி என்ற ஒன்பது கஜம் கட்டிய மராத்தியப் பெண், பின்னால் தொப்பி வைத்த ஒருத்தி. அந்த ஓவியத்தையும் ரவிவர்மாவின் வேறு ஓவியங்களையும் சேர்த்து ஒரே பட்டுப்புடவையில் நெய்து, தி சென்னை சில்க்ஸ் கடை 39 லட்சம் ரூபாய்க்கும் மேல் விலைக்கு விற்றது என்ற கதையை அவளுக்குச் சொன்னதும் நான்தான். புடவைகளை வரைந்த ஓவியம், ஓவியத்தை நெய்த புடவை என்று அன்று முழுக்க அதையே பேசிச் சிரித்தோம். அன்று காலை விடுதி அறையில் தன் புடவை பிடிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், என் பெட்டியைக் குடைந்து மயில்கழுத்து நிறப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். என் ஜிமிக்கியையும் போட்டுக்கொண்டாள். அரண்மனை வாசலில் என்னை வெயிலில் நிறுத்தி, இப்படி ஒன்று அப்படி ஒன்று, பல்லு தெரியாமல் ஒன்று, முந்தானை பறக்க ஒன்று என்று எடுக்கவைத்தாள்.

படங்கள் எல்லாம் என் போனில்தான் இருக்கின்றன. போடமாட்டேன். பயப்படாதே.