விளையாட்டுக்கும் ஒரு செக்ரோல் வேண்டும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு செக்ரோல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அது தோட்டத்துத் தினக் கூலிப் பதிவேடு. காலையில் பெரட்டு என்கிற ஆள் கூடுகை, ஆள் கணக்கு, யார் எந்த நிரையில் வெட்டினார், எத்தனை கிலோ, என்ன கூலி. ஒரு பெயர் விடுபட்டால் போதும், சம்பளத்தன்று ஆபீஸ் வாசலில் கணக்கெழுதுகிற கிராணிக்கு நிம்மதி இருக்காது.

மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் இருநூறு முந்நூறு பேர் படிக்கிற சின்னத் தனியார் கல்லூரிகளின் விளையாட்டுக் கணக்கு எப்படி இருக்கிறது? பெரும்பாலும் ஒரே வரி. "போட்டிகள், ஜெர்சி, இதர செலவு: 38,000 வெள்ளி (ரிங்கிட்)." அவ்வளவுதான். மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளியிடம் பங்குப் பணம் வாங்கி, ஆளுக்கு ஆள் பதிந்து, அதை வைத்துத் தோட்டத்தையே வாங்கிக் காட்டிய சமூகம் இது. இருபத்து நாலு விளையாட்டாளருக்கு ஆள்வாரியாகக் கணக்கு எழுதுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. (இந்தப் பதிவில் வருகிற வெள்ளிக் கணக்கெல்லாம் உதாரணம். உங்கள் கல்லூரியின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.)

முதல் சிக்கல், மிகப் பெரிய செலவு அந்த 38,000-க்குள் இல்லவே இல்லை. அது கட்டணக் கழிவு. "விளையாட்டு உபகாரச் சம்பளம்" என்று பாதிக் கட்டணத்தைத் தள்ளிக் கொடுக்கிறார்கள். கையை விட்டுக் காசு போகாததால் யாரும் அதைச் செலவாக எழுதுவதில்லை. ஆண்டுக் கட்டணம் 9,000 வெள்ளி, 24 பேருக்குப் பாதி கழிவு என்றால் 1,08,000 வெள்ளி. ஜெர்சிக்கு மூன்று கடையில் விலை விசாரிக்கிற நிர்வாகம் இந்த ஒரு லட்சத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

அதற்காக அந்த 1,08,000-மும் நஷ்டம் என்று சொல்லவும் முடியாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பையன் விளையாட்டு இல்லாவிட்டாலும் இங்கே சேர்ந்திருப்பானா? சேர்ந்திருக்க மாட்டான் என்றால், காலியாகக் கிடந்திருக்கும் நாற்காலிக்கு 4,500 வெள்ளி வந்திருக்கிறது, அது வரவு. எப்படியும் சேர்ந்திருப்பான் என்றால், முழுதாக வரவேண்டிய 9,000-ல் 4,500-ஐ நாமே தள்ளிவிட்டோம், அது நஷ்டம்.

24 பேரில் 10 பேர்தான் விளையாட்டுக்காக வந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவு 45,000. மீதி 14 பேரால் இழந்தது 63,000. அதோடு அந்த 38,000-மும் சேர்ந்தால் 56,000 வெள்ளி துண்டு விழுகிறது. அதே குழுவில் 18 பேர் விளையாட்டுக்காக வந்தவர்கள் என்றால்? வரவு 81,000, இழப்பு 27,000, செலவு 38,000. கையில் 16,000 மிச்சம். கோப்பை அதேதான், பயிற்சி அதேதான், ஆள் எண்ணிக்கையும் அதேதான். யாருக்குக் கழிவு கொடுத்தோம் என்பது மட்டும் மாறியிருக்கிறது. வகுப்பில் இடம் காலியாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. விளையாட்டு மாணவர்களால் இன்னொரு விரிவுரையாளரோ இன்னொரு கணினி அறையோ தேவைப்பட்டால் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும்.

யார் எந்த வகை என்று எப்படித் தெரியும்? கழிவு பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்பே விண்ணப்பப் பாரத்தில் கேட்டுவிட வேண்டும்: வேறு எங்கெல்லாம் மனு போட்டிருக்கிறீர்கள், ஏன் இந்தக் கல்லூரி? கழிவு உண்டு என்று தெரிந்த பிறகு கேட்டால் எல்லோரும் "விளையாட்டுக்காகத்தான் வந்தேன்" என்றுதான் சொல்வார்கள். அடுத்து, பதிவுத் தேதியைப் பாருங்கள். கோச்சைப் பார்ப்பதற்கு முன்பே பதிவுக் கட்டணம் கட்டியவர் விளையாட்டுக்காக வந்தவர் இல்லை. பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கும், சொந்த ஊரில் கல்லூரி இருந்தும் அதை விட்டு இங்கே வந்து வாடகை அறை எடுத்துத் தங்குகிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ அமைப்பின் மூன்றாம் பிரிவில் இருக்கிற சின்னக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கொடுப்பதே இல்லை, விதியே அப்படி. ஆனாலும் பல கல்லூரிகள் பெரிய பெரிய குழுக்களாக வைத்திருக்கின்றன. விளையாட வருகிற ஒவ்வொரு மாணவரும் கட்டணம் செலுத்துகிறவர் என்பதுதான் காரணம். நம்மாட்கள் பகிர்வதோ 2025-ல் பெரிய பல்கலைக்கழகங்கள் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகவே கோடிக்கணக்கில் பணம் கொடுக்க ஆரம்பித்த செய்தியை. தொலைக்காட்சி உரிமைப் பணத்தில் புரளுகிற இடத்துக்கும் மழை பெய்தால் கோல்கம்பத்தடியில் குளம் கட்டுகிற நம்ம திடலுக்கும் என்ன சம்பந்தம்?

சேர்ந்தவர் நிலைக்கிறாரா என்பது செக்ரோலில் நிரப்ப வேண்டிய அடுத்த கட்டம். முதல் பருவத்தில் பயிற்சி, போட்டி, பயணம் என்று வகுப்பை விட்டவருக்குப் பிஎன்ஜி (மதிப்பெண் சராசரி) 2.00-க்குக் கீழே போனால் பிடிபிடிஎன் (அரசுக் கல்விக் கடன்) பணம் நிற்கும். பணம் நின்றால் பாக்கிக் கட்டணத்தைக் கட்ட முடியாது. கட்ட முடியாதவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார். மூன்றாண்டு வரவு என்று எண்ணி வைத்தது ஒரே பருவத்தோடு போய்விடும். ஆகவே செக்ரோலில் வருகைப் பதிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். ஏழாவது வாரத்திலேயே பார்க்க வேண்டும், தேர்வு முடிவு வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

எந்த விளையாட்டை எடுப்பது? இங்கேதான் உணர்ச்சி கணக்கைத் தின்றுவிடுகிறது. கபடி நம்ம விளையாட்டு, சரி. விரிப்புக்கு என்ன வழி என்று முதலில் கேளுங்கள். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளாக வாங்கினால் 130 துண்டு, அதுவும் கோட்டுக்கு வெளியே விழுகிற இடத்துக்கு ஒன்றும் இல்லாமல். பெண்களுக்கு 12-க்கு 8, அதாவது 96 துண்டு. வாங்குவது ஒரு தடவைச் செலவு என்று நினைக்கிறார்கள். வைக்கிற இடம்தான் உண்மையான செலவு. தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்தால் வெக்கையில் ஓரம் வளையும். வளைந்த துண்டின் பல் பக்கத்துத் துண்டோடு பொருந்தாது. பொருந்தாத இடத்தில் விரலளவு இடைவெளி விழும், ரெய்டு போகிறவரின் கால் கட்டைவிரல் அதில்தான் மாட்டும். எலி கடித்த மூலை வேறு. படுக்க வைத்து, பத்துத் துண்டுக்கு மேல் அடுக்காமல், நிழலான சிமெண்டுத் தரையில் பலகை போட்டு வைக்க இடம் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் விரிப்பு வைத்திருக்கிற சங்கத்திடம் வாரம் இரண்டு நாள் வாடகைக்குப் போவது மேல்.

காற்பந்து இன்னும் பசி அதிகம். இருபது பேர், ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் ஒரு பேருந்து. சின்னக் கல்லூரிக்கு என் ஓட்டு திடல்தட விளையாட்டுக்குத்தான். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வேனில் போய் வரலாம். ஒருவர் காயப்பட்டால் குழுவே கலைந்துவிடாது. தாப்பாவைச் சேர்ந்த ராஜமணி 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கினார். நடைப் பயிற்சிக்கு நல்ல காலணியும், வண்டி குறைவான தோட்டத்துச் சாலையும், முட்டி மடங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒரு கண்ணும் இருந்தால் போதும்.

திடல் நம்மிடமே இருக்கிறது என்பதால் மிச்சம் என்கிறார்கள். மிச்சம்தான், கோடு சரியாகப் போட்டால். எட்டுத் தடத்தோடு முழு 400 மீட்டர் ஓடுதளத்துக்கு ஏறத்தாழ 177-க்கு 93 மீட்டர் இடம் வேண்டும், காற்பந்துத் திடலில் அடங்காது. 200 மீட்டர் போடுங்கள். உள்கோட்டுக்கு வளைவின் ஆரம் 18 மீட்டர், நேர்ப்பகுதி 42.82 மீட்டர். கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால் ஒரு சுற்று 200 வரும். 1.22 மீட்டர் அகலத்தில் ஆறு தடம் போட்டாலும் 94-க்கு 51 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இனி வழக்கமாக நடக்கிற தப்பு. ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் தடத்தை எவ்வளவு முன்னே தள்ளுவது என்று இணையத்தில் தேடினால் 7.04 மீட்டர் என்று வரும். அது உள்விளிம்பில் கட்டை வைத்த செயற்கை ஓடுதளத்துக்கு உரிய கணக்கு. அங்கே முதல் தடத்தை 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள். கட்டை இல்லாத புல்திடலில் எல்லாத் தடத்துக்கும் 20-தான், ஆகவே தடத்துக்குத் தடம் 7.67 மீட்டர் தள்ள வேண்டும். இரண்டாம் தடத்துக்கு 7.04, அதற்கு மேல் தடத்துக்கு 7.67 என்று போட்டால் இரண்டாம் தடத்திலிருந்து ஆறாம் தடம் வரை எல்லோரும் 63 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடுவார்கள், முதல் தடத்துப் பையன் சும்மாவே ஜெயிப்பான். தேர்வு ஓட்டத்தில் அவனைத் தேர்ந்தெடுத்து, கழிவும் கொடுத்து, ஈப்போவுக்குக் கூட்டிப் போன பிறகுதான் நிஜ நேரம் தெரியும். கோட்டுக்குச் சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், வேர்வையோடு தோலிலும் கண்ணிலும் பட்டால் எரித்துவிடும். சுண்ணாம்புக்கல் மாவோ தண்ணீரில் கரைத்த எமல்ஷன் சாயமோ போதும். சில இடங்களில் கறுப்பு எண்ணெய் ஊற்றிப் புல்லைக் கருக்குகிறார்கள். கோடு ஆறு மாதம் நிற்கும், மண் அதைவிட அதிக நாளுக்குக் கெட்டுக் கிடக்கும்.

கோச் சம்பளத்தில் ஒளிந்திருப்பது இபிஎஃப் (ஊழியர் சேமநிதி). மாதம் 1,000 வெள்ளி, பத்து மாதம் என்று 10,000 எழுதுவார்கள். அவர் கல்லூரி ஊழியர் என்றால் முதலாளி பங்கு 13 விழுக்காடு, இன்னொரு 1,300 வெள்ளி. சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) தனி. எஸ்பிகேகே என்கிற தேசியப் பயிற்றுநர் சான்றிதழ் இல்லாதவரை "நம்ம பையன்தானே" என்று போட்டுவிட்டு, காயம் வந்தபிறகு யார் பொறுப்பு என்று தேடுவதில் அர்த்தமில்லை.

பயணத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. 2025 ஜூன் 9-ல் கெரிக் அருகே நடந்த பேருந்து விபத்தில் உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழக) மாணவர்கள் 15 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளிப் பேருந்துக்காரர் பாதி விலைக்கு வருகிறார் என்றால், அந்த வண்டிக்கு வெளியூர் சவாரிக்கு அனுமதி இருக்கிறதா, காப்புறுதி செல்லுமா, ஒவ்வொரு இருக்கையிலும் வார் இருக்கிறதா என்று தாளில் கேட்டு வாங்குங்கள். போட்டி இரவு பத்து மணிக்கு முடிந்து அப்படியே கிளம்புவதாக இருந்தால், அறை வாடகையை முதலிலேயே பட்ஜெட்டில் போடுங்கள். பணம் போதவில்லையா, அந்தப் போட்டியை விடுங்கள்.

ஜெர்சியில் ஆண்டைப் போடாதீர்கள், ஆள் பெயரையும் போடாதீர்கள். போட்டால் அடுத்த ஆண்டு புதிது வாங்கியே ஆக வேண்டும். விளம்பரதாரர் பெயரைத் தனித் துண்டாக ஒட்டினால் ஆள் மாறினாலும் சட்டை மாறாது. போட்டிச் சட்டை கல்லூரிச் சொத்து, ஆட்டம் முடிந்ததும் எண்ணி வாங்க வேண்டும். திறப்பு விழாக் கூடாரம், பொன்னாடை, மாலை, பிரமுகர் மேசைக்குத் தனிச் சாப்பாடு, இவற்றை விளையாட்டுச் செலவில் எழுதவே கூடாது. விளம்பரச் செலவு என்று வேறு தலைப்பில் எழுதட்டும். அங்கே எழுதினால்தான் அது எவ்வளவு என்று நிர்வாகத்துக்கே உறைக்கும்.

நன்கொடைக்கு வருவோம். தீபாவளி முடிந்து ஆண்டுக் கடைசிக்குள் கடிதம் போய்விட வேண்டும். மார்ச்சில் போகிற கடிதத்துக்கு "இந்த வருஷ ஒதுக்கீடு முடிந்தது தம்பி" என்ற பதில்தான் வரும். துணிக்கடையும் நகைக்கடையும் காசு தரத் தயங்கும், பொருளாகக் கேட்டால் தருவார்கள். ஆனால் அறுபது பெட்டித் தண்ணீர்ப் போத்தல் வந்து இறங்கினால் வேன் வாடகை கட்ட முடியாது. என்ன வேண்டும் என்று கடிதத்திலேயே குறிப்பாக எழுதுங்கள்: ஒரு பயணத்தின் வேன் வாடகை, இரண்டு ஈட்டி, பெண்களுக்கு 600 கிராம், ஆண்களுக்கு 800.

"வரி விலக்கு ரசீது தருகிறோம்" என்று மட்டும் வாய்விடாதீர்கள். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(11பி) பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற விளையாட்டு நடவடிக்கைக்குக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான் கழிவு, அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். கல்லூரி விளையாட்டு மன்றத்தின் முத்திரை குத்திய ரசீதுக்கு அந்த மதிப்பு கிடையாது. கடைக்காரர் தன் கணக்காளரிடம் போய் நின்று அவமானப்பட்டால் அடுத்த ஆண்டு கதவைத் திறக்க மாட்டார். தன் பெயரைச் சட்டையில் போட்டு விளம்பரமாகக் கொடுக்கிறார் என்றால் அது அவருடைய வியாபாரச் செலவு. அதற்குத் தேவை இன்வாய்ஸ், நன்கொடை ரசீது இல்லை.

ஒய்பி (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) மேடையில் அறிவித்த ஐயாயிரத்தை அன்றே வரவில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையில் அச்சடித்த அந்தப் பெரிய காசோலையை எந்த வங்கியும் வாங்காது. நிஜக் காசோலைக்கு விண்ணப்பக் கடிதம், செலவு விலைப்பட்டியல், கல்லூரியின் வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கேட்பார்கள். மன்றத்தின் பெயரில் எழுதிக் கேட்டால் திரும்பி வரும், திருத்தி அனுப்புவதற்குள் போட்டியே முடிந்திருக்கும். வங்கியில் ஏறும்வரை செக்ரோலில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.