நன்றி சொல்லப் பழக்குவது வேறு, வாயை மூடப் பழக்குவது வேறு

பிள்ளைகளுக்கு ஆன்மிக நன்றியுணர்வைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொழும்பில் அறநெறி வகுப்பெடுப்பவள் என்ற முறையில் என் வருத்தமெல்லாம் நாம் அதைக் கற்பிக்கும் விதத்தைப் பற்றியதுதான்.

ஒரு பிள்ளை மனக்கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தாலே, "உனக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் பார், கடவுளுக்கு நன்றி சொல்லு, நல்லதையே நினை" என்கிறோம். இந்தப் பிள்ளைகள் யார்? 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனையில் சிறுவர்களாக இருந்தவர்கள். அது கத்தோலிக்கர்கள் மட்டும் போகும் இடமில்லை, நம் சைவ வீடுகளிலிருந்தும் நேர்த்தி வைத்துப் போகிற கோயில். அப்புறம் கொரோனாவில் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை, அம்மாக்கள் காஸ் வரிசையில் நின்றார்கள். இத்தனையும் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் "நல்லதையே நினை" என்று மட்டும் சொன்னால், "பேசாமல் இரு" என்றுதான் அதன் காதில் விழும்.

நம் மரபு இப்படிச் சொல்லித்தரவில்லை. 'மாசில் வீணையும்' தேவாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம். ராகம் பிசகாமல் பாடிப் போட்டியில் பரிசும் வாங்குகிறார்கள். அதை அப்பர் எங்கே இருந்து பாடினார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அரசன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்துவிட்டான். அந்த வெக்கைக்குள் இருந்துகொண்டு வீணை, மாலை நிலா, வீசும் தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இறைவன் திருவடி நிழல் அப்படி இருக்கிறது என்கிறார். அந்த அரசனே ஆளனுப்பி அழைத்தபோது "நாமார்க்கும் குடியல்லோம்" என்று மறுத்தவரும் இதே அப்பர்தான். இறைவனிடம் நெகிழ்ந்த அந்த மனசு அநியாயத்துக்குப் பணியவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். நாம்தான் சொல்வதில்லை.

அமெரிக்காவில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கள் 221 பேரிடம் செய்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. அதில் ஒரு பகுதியினர் நன்றி சொல்லத்தக்க விஷயங்களை இரண்டு வாரம் தினமும் எழுதினார்கள். பாடசாலை வாழ்க்கையில் அவர்களுடைய திருப்தி மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. எங்கள் வகுப்பிலும் எழுதுகிறோம், ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. "அம்மா, அப்பா, கடவுள்" என்று பொதுவாக எழுதக்கூடாது. யார், என்ன செய்தார், அதற்காக அவர் பட்ட பாடு என்ன என்று எழுத வேண்டும்.

உதாரணத்துக்கு, காலையில் குடித்த தேத்தண்ணி. அதன் பின்னால் போனால் மலையகத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணிடம் வந்து நிற்போம். அவளுடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். 1948இல் அந்த மக்களில் பெரும்பாலானோரின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். இதைப் பேசும்போது ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "அப்ப ஏன் டீச்சர் அவங்களுக்குச் சம்பளம் இவ்வளவு குறைவு?" நன்றி உள்ளே இறங்கிவிட்டது என்பதற்கு எனக்கு இந்தக் கேள்வி போதும். புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்கும் மலையகத்துப் பையன்களைப் பற்றியும், நம் வீடுகளில் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் பிறகு தாங்களாகவே எழுதுகிறார்கள். வீட்டில் சிலருக்கு இது சங்கடம். பரவாயில்லை, சங்கடப்படட்டும்.

நேர்மறைச் சிந்தனையிலும் இதே கதைதான். ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, "கண்ணை மூடு, நீ டொக்டர் ஆகிவிட்டாய் என்று நினை" என்கிறார்கள். ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கன் 2002இல் சக ஆய்வாளர் ஒருவரோடு வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. பட்டம் முடித்தவர்களில், நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அதிகம் கனவு கண்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. கனவு மட்டும் கண்டால் முயற்சி தளர்ந்துவிடுகிறது. ஆசையை எழுது, அதற்குத் தடையாக உனக்குள் இருப்பதை எழுது, அந்தத் தடை வந்தால் என்ன செய்வாய் என்றும் எழுது என்பதுதான் அவர் சொல்லும் வழி. ஒரு மாணவன் "இரவு பத்து மணிக்கு மேல் போன்" என்று தடையை எழுதிவிட்டு, "போனை அம்மம்மாவிடம் கொடுப்பேன்" என்று கீழே எழுதியிருந்தான். பெரிய பெரிய வாசகங்களைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

1897 ஜனவரி 15 அன்று கொழும்பில் வந்து இறங்கிய விவேகானந்தரின் படம் இல்லாத அறநெறி வகுப்பு இங்கே அபூர்வம். தைரியமாக இரு என்று அவர் சொன்னதைச் சுவரில் ஒட்டுகிறோம். ஏழைக்குச் செய்யும் சேவையே இறைவழிபாடு என்றதும் அவர்தான். அதையும் ஒட்டினால் நல்லது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெறுபேறு சரியாக வராத அன்று "எல்லாம் நன்மைக்கே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளை அழட்டும், பக்கத்தில் இருங்கள், சாப்பிட வையுங்கள். மறுபடி எழுதுவதா, வேறு ஏதாவது படிப்பதா என்பதை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.