வாய்க்காலைத் தாண்டுங்கள்

பாண்டிச்சேரி போய்வந்த படங்களை யார் போட்டாலும் அதே மஞ்சள் சுவர், அதே காகிதப்பூக் கொடி, அதே நீலப் பெயர்ப்பலகை. நானும் போட்டவன்தான், அதனால் யாரையும் குறை சொல்ல வாயில்லை. முதல் தடவை போனபோது ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து, காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்குள் ஊரையே பார்த்து முடித்துவிட்டேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் அறையில் படுத்துத் தூங்கினேன்.

போன மாதம் போனபோது வண்டி எடுக்கவில்லை. பெரிய கொள்கை எல்லாம் இல்லை, லைசென்ஸை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். மூன்று நாளும் நடைதான்.

நடந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பழைய நகரமே காலுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. கடற்கரைச் சாலையில் கிளம்பி மேற்கே அண்ணா சாலை போய்ச் சேர சாவகாசமாக நடந்தாலும் இருபது நிமிடம். வீதிகள் கோடு போட்டது போல நேர். எந்த முனையில் நின்று கிழக்கே திரும்பினாலும் வீதியின் கடைசியில் வானம் மட்டும் தெரியும். அதுதான் கடல் பக்கம். மேப் வேண்டாம், வழி கேட்க வேண்டாம். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கூடத் திசை சொல்லலாம்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஊரிலேயே உருப்படியான விதி இதுதான் என்பேன். அங்கே காந்தி சிலையைச் சுற்றி உயர உயரமாகக் கல்தூண்கள் நிற்கின்றன. எல்லாரும் அவற்றுக்கு முதுகைக் காட்டி நின்று காந்தியோடு செல்ஃபி எடுக்கிறார்கள். விடியற்காலை ஆறரைக்குக் கூட்டமில்லாதபோது ஒரு தூணைக் கிட்டே போய்ப் பார்த்தேன். செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. உப்புக் காற்றில் செதுக்கல்களின் விளிம்பு மழுங்கியிருக்கிறது. கையால் தடவினால் கண்ணுக்குத் தெரியாத கோடு விரலுக்குத் தெரிகிறது.

அந்தச் சாலையை ஒட்டிய கருங்கல் குவியலுக்கும் ஒரு கதை உண்டு. அழகுக்காகப் போட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் இறுதியில் நகரத்துக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் அதன் தெற்குப் பக்கமே தேங்கிவிட்டது. வடக்கே நகரத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, இருந்ததையும் கடல் வாரிக்கொண்டு போனது. ஊரைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியபின்தான் அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. கல்லில் ஆரம்பித்து மணலில் போய் முடிகிற அந்தச் சில நூறு அடியை நடந்து பாருங்கள், ஒரு சுவர் என்னென்ன செய்யும் என்பது புரிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரின் நடுவே தெற்கு வடக்காக ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்கு. சில இடங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே நம் ஆட்கள் இருந்த பகுதி. வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே அவர்கள் பெயர் வைத்தார்கள். 1954இலேயே நிர்வாகம் நம் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் விடுதி விளம்பரங்களில் 'ஒயிட் டவுனில் அறை' என்று பெருமையாகப் போடுகிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் உறுத்துகிறது. பெயர் கூடப் பரவாயில்லை, சுற்றுலா வருகிறவர்களில் பலர் இன்றைக்கும் அந்த வாய்க்காலைத் தாண்டுவதில்லையே, அதுதான் பெரிய வேடிக்கை.

தாண்டினால் என்ன இருக்கிறது? தெருவை ஒட்டித் தாழ்வாரம், மரத்தூண், திண்ணை. அண்ணாந்தால் மாடியில் வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு, இரண்டும் ஒரே சுவரில். வைசியாள் வீதியில் இந்த மாதிரி வீடுகளை வரிசையாகச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். வண்டியில் போனால் மாடி கண்ணில் படவே படாது, முன்னால் போகிற ஆட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்தது, துரை கோபித்துக்கொண்டது, ஊரில் யார் என்ன பேசினார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தவர். அதே 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நாம் 'அந்தக் காலத்து பிரெஞ்சு நகரம்' என்று படமெடுக்கும் தெருக்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. அங்கிருந்து பாரதி இருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதிக்கும் பாரதிதாசன் வாழ்ந்த பெருமாள் கோயில் வீதிக்கும் நடையிலேயே போய்விடலாம். 1908இலிருந்து பத்து வருடம் பாரதி இந்த ஊரில் இருந்திருக்கிறார். கூரியர் வண்டியும் தண்ணீர் கேனும் வழியை மறிக்கும் அதே தெருக்கள்தான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நடைபாதை முழுக்க வாடகை ஸ்கூட்டர்கள். நடப்பவன் தெருவில் இறங்க வேண்டும், இறங்கினால் இன்னொரு வாடகை ஸ்கூட்டர் ஹார்ன் அடிக்கும். நான்கு வருடம் முன்பு அப்படி அடித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கினேன்.

கடைசி நாள் மதியம், வாய்க்காலுக்கு மேற்கே ஒரு வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "வீடு தேடுறியா தம்பி?" என்றார்.

"இல்லம்மா, சும்மா பாக்குறேன்."

"சும்மா பாக்குறவங்க எல்லாம் அந்தாண்ட தான போவாங்க" என்று கையிலிருந்த கீரைக் காம்பால் கிழக்கே காட்டினார். பிறகு முறத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். "உக்காரு. வெயில் தாழட்டும்."

உட்கார்ந்தேன். நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.