வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி

போன வாரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகர வரிசை நடத்திக்கொண்டிருந்தேன். வ, வா, வி என்று போய்க் கடைசியில் வௌ. அந்த எழுத்துக்குச் சொல் தேடினால் வௌவாலை விட்டால் வேறு சுலபத்தில் கிடைக்காது. படத்தைக் காட்டியதும் முன்வரிசைப் பையன் ஒருவன் "சோவ்சூரி!" என்று கிரியோலில் கத்தினான். அப்புறம் அவனே சொன்னான்: "எங்க லிச்சியைத் தின்னுது மிஸ். எல்லாத்தையும் சுடணும்னு அப்பா சொன்னார்."

அதற்குள் மணி அடித்துவிட்டது. அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு, அவன் அப்பாவுக்கு, நம் மொரீசியஸ் தீவின் காத்ர் போர்ன் ஊரில் வீட்டுக்கு வீடு லிச்சியும் மாவும் வைத்திருக்கும் நம் எல்லாருக்கும்.

லிச்சி போனால் வரும் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். எங்கள் கொல்லையில் நிற்கும் மரம் என் மாமனார் நட்டது. ஒரு டிசம்பர் காலையில் எழுந்து பார்த்தால் அடிமரத்தைச் சுற்றி ஒரே தோலும் கொட்டையும் பாதி கடித்த பழமும். பறித்தது ஒரு கூடை கூடத் தேறவில்லை. ஒரு மரத்துக்கே இப்படி என்றால், தோப்பு வைத்து அந்த ஒரு மாத வரும்படியை நம்பி இருப்பவருக்கு எப்படி இருக்கும்? அவர்கள் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். காற்றும் எலியும் மைனாவும் கொண்டைக்குருவியும் உதிர்த்ததையும் சேர்த்து வௌவால் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

என் மனதை அறுப்பது வேறு விஷயம். நாம் எந்த மாதத்தில் சுடுகிறோம் என்பது.

இந்தப் பழவௌவாலுக்கு வருடத்துக்கு ஒரு குட்டிதான். ஐந்தாறு மாதம் சுமந்து, ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்குள் ஈனும், அதிலும் அக்டோபர் வாக்கில்தான் அதிகம். பிறந்த குட்டி தாயின் அக்குள் பக்கம் இருக்கும் முலைக்காம்பைக் கவ்வியபடி வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். முதல் சில வாரங்கள் தாய் அதையும் சுமந்துகொண்டேதான் இரை தேடப் பறக்கும். பிறகு கனம் கூடியதும் தங்கும் மரத்திலேயே விட்டுவிட்டுப் போய், விடிவதற்குள் பால் கொடுக்கத் திரும்பி வரும். லிச்சி பழுப்பது எப்போது? நவம்பர், டிசம்பர். தாய்க்குப் பால் சுரக்க நிறையத் தீனி வேண்டிய அதே நேரம். அப்போது தோப்பில் ஒரு பெண் வௌவாலைச் சுட்டால் எங்கோ மரத்தில் காத்துக்கொண்டு தொங்கும் ஒன்றும் பட்டினியில் சாகும். அது எந்தக் கணக்கிலும் வராது.

எலியாக இருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன். எலி மூன்று வாரம் சுமந்து ஒரே ஈற்றில் ஏழெட்டு போடும், கொன்ற எண்ணிக்கையை அடுத்த மழைக்குள் நிரப்பிவிடும். வருடத்துக்கு ஒன்று பெற்று, அந்த ஒன்றும் புயலுக்கும் மின்கம்பிக்கும் தப்பி, வளர்ந்து தானும் ஈனும் வயதுக்கு வரவேண்டிய உயிரால் அது முடியாது.

2015 நவம்பரில் அரசு சுடத் தொடங்கியது. அந்த ஒரு பருவத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல் கொன்றார்கள். 2016இல் இன்னும் சில ஆயிரம். 2018இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அழியும் ஆபத்தில் உள்ளது என்ற பட்டியலுக்கு மாற்றியது. அதே வருடக் கடைசியில் மூன்றாவது தடவையும் துப்பாக்கி எடுத்தோம்: அறுபத்தைந்தாயிரம் இருப்பதாக மதிப்பிட்டு அதில் இருபது சதவீதம், அதாவது பதின்மூவாயிரம். சரி, அதனால் லிச்சி கூடியதா? கூடவில்லை. முதல் இரண்டு தடவைக்குப் பிறகே விளைச்சல் ஏறவில்லை என்று நம் ஊர் ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். பிறகும் சுட்டோம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

துப்பாக்கி இல்லாமலும் கொல்லலாம் என்பதை மூன்று வருடத்துக்கு முன் கண்ணால் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாமா பழைய மீன்வலை ஒன்றை மரத்தின் மேல் அப்படியே வீசிப் போட்டிருந்தார். நவம்பர் கடைசி, விடிகாலை ஐந்து மணி இருக்கும், கீச்சென்று ஒரு சத்தம். "மிஸ், கத்திரிக்கோல் எடுத்துட்டு வாங்க!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். போனால், நைலான் நூல் இறக்கைச் சவ்வை அறுத்துக்கொண்டு எலும்பு வரை இறங்கியிருந்தது. மாமா தடித்த துண்டால் போர்த்திப் பிடித்துக்கொள்ள, நான் நூல் நூலாக வெட்டினேன். அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. கழுத்தைச் சுற்றிப் பொன்னிற மயிர், நாய்க்குட்டி போல முகம், பழுப்புக் கண். இறக்கையை விரித்தபோதுதான் குட்டி தெரிந்தது. தாய் அவ்வளவு துடித்தும் அது முலைக்காம்பை விடவில்லை. மதியத்துக்குள் தாய் செத்துவிட்டது. குட்டி அன்றிரவைத் தாண்டவில்லை. மாமா மறுபேச்சில்லாமல் ஏணி வைத்து ஏறி வலையைப் பிரித்து எடுத்தார்.

நம் தீவுக்கு உயிர்களைக் காப்பாற்றத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1974இல் மொரீசியஸ் வல்லூறு காட்டில் நான்கே நான்குதான் இருந்தது. உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு இருந்தவர்களும் அது முதலில் இட்ட முட்டைகளை எடுத்து இயந்திரத்தில் பொரிக்க வைத்தார்கள். கூடு காலியானதும் பறவை மறுபடி முட்டையிட்டது. அப்படி ஒரே பருவத்தில் இரண்டு ஈடு குஞ்சு. இன்றைக்கு அவை சில நூறு. வௌவாலிடம் இந்த வித்தை செல்லாது. குட்டியை எடுத்துவிட்டால் அந்த வருடம் அவ்வளவுதான். நம் நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரீக்ஸின் பழவௌவாலைப் பாருங்கள். 1970களில் நூறுக்கும் கீழே போய்விட்டது. இயற்கையியலாளர் ஜெரால்டு டரல் 1976இல் சிலவற்றைப் பிடித்து வெளியே வளர்க்க ஏற்பாடு செய்தார், அங்கே காட்டையும் மீட்டார்கள். இப்போது இருபதாயிரம் அளவில் இருக்கிறது. அதற்கு நாற்பது வருடம் பிடித்தது. மூன்று பருவத்தில் நாம் கொன்றதை ஈடுகட்ட எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

டோடோவை நாம் முத்திரையில் வைத்திருக்கிறோம், சட்டையில் அச்சடித்து விற்கிறோம். பழம் தின்று விதை பரப்பிய ராட்சத ஆமைகளும் டோடோவோடு போய்விட்டன. இந்தத் தீவின் சொந்தப் பழந்தின்னிகளில் பெரிய உடம்போடு மிஞ்சியிருப்பது இந்த வௌவால் ஒன்றுதான். நாத் போன்ற நம் காட்டு மரங்களின் பழத்தை வாயில் கவ்விக்கொண்டு போய்த் தள்ளி உட்கார்ந்து தின்று கொட்டையைத் துப்புகிறது. சின்ன விதைகளைப் பறக்கும்போதே எச்சத்தோடு போடுகிறது. நல்ல நிலையில் இருக்கும் பூர்வீகக் காடு நம்மிடம் இரண்டு சதவீதம் கூட இல்லை. அதற்குள்ளும் சீனக் கொய்யா புகுந்துவிட்டது, நம் காட்டு மரங்களின் பழத்தையோ காயாக இருக்கும்போதே குரங்கு பிய்த்துப் போடுகிறது. காட்டில் பழம் இல்லாமல்தான் வௌவால் நம் கொல்லைக்கு வருகிறது.

கோர் த கார்த் மலைக் கோவிலுக்குக் காவடி எடுத்துப் படியேறுகிறவர்கள் நாம். ஊர் நாட்டில் சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் கூடு கட்ட வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் செய்வதை நாமும் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன்.

இப்போது செப்டம்பர். மரங்களில் குட்டிகள் பிறக்கத் தொடங்கியிருக்கும். பழம் சிவக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, வலை கட்ட அது போதும். விரல் நுழையாத அளவு சின்னக் கண்ணுள்ள வெள்ளை வலை வாங்குங்கள். மரத்தின் மேல் வீசாதீர்கள். சுற்றிக் கழி நட்டுச் சட்டம் கட்டி, கிளையில் படாமல் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். பெரிய மரமாக இருந்தால் கைக்கு எட்டும் குலைகளைப் பை போட்டு மூடினாலும் வீட்டுக்குப் போதுமான பழம் மிஞ்சும். போன வருடம் எங்கள் மரத்துக்கு அப்படித்தான் செய்தோம், நான்கு கூடை பறித்தேன். உச்சியில் இருந்ததை விட்டுவிட்டேன், அது அவற்றுக்கு.

சட்டம் கட்டத் தெரியாதவர்கள் கீழே எழுதுங்கள். சனிக்கிழமை மத்தியானம் நானும் மாமாவும் ஏணியோடு வருகிறோம். பழைய மீன்வலை யாரிடமாவது இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள், மாமா எடுத்துப்போய் வெட்டிப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.